மைக்ரேன் அட்டாக் வந்தா போடுற மாத்திரை: எல்லாரும் என்கிட்ட கேட்குற கேள்விகள்

எனக்கு மைக்ரேன் 19 வயசுல ஆரம்பிச்சுது, இப்ப 43. நான் டாக்டர் இல்ல, ஆனா சொந்தக்காரங்க ஆகட்டும் கூட வேலை பாக்குறவங்க ஆகட்டும், யாருக்காவது பாதித் தலை தெறிக்குதுன்னா முதல் போன் எனக்குத்தான் வரும், "அந்த மாத்திரை பேர் என்ன, நானும் போடட்டுமா"ன்னு. பேர் சொல்லிடலாம், ஆனா பேரை மட்டும் சொல்றதுல தான் ஆபத்தே இருக்கு. அதனால இத்தனை வருஷமா நரம்பு டாக்டர்கிட்ட கேட்டது, மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வெச்சிருக்குற பொடி எழுத்துத் தாளைப் படிச்சது, நானே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது எல்லாத்தையும் இங்க எழுதி வைக்கிறேன். உங்க உடம்புக்கு எது சரின்னு சொல்ல வேண்டியது உங்க டாக்டர்.

பாராசிட்டமால் கடையிலேயே கிடைக்குதே, டாக்டர் எழுதித் தர்ற மாத்திரைல அப்படி என்ன இருக்கு?

லேசான அட்டாக்னா பாராசிட்டமால், இபுப்ரோஃபென், நாப்ராக்சன் இதுலயே நிறைய பேருக்கு அடங்கிடும், அடங்கினா அதோட நிறுத்திக்கோங்க. அடங்காதவங்களுக்கு எழுதிக் கொடுக்குறது பெரும்பாலும் ட்ரிப்டான் வகை. சுமட்ரிப்டான், ரிசட்ரிப்டான், ஜோல்மிட்ரிப்டான், நராட்ரிப்டான், எலெட்ரிப்டான்னு பேர் கடைசில "ட்ரிப்டான்"னு முடியும். முதல்ல வந்தது சுமட்ரிப்டான், 1991-ல.

இது சாதாரண வலி மாத்திரை இல்லங்கறதை முதல்ல மனசுல ஏத்திக்கணும். முட்டி வலிக்குப் போட்டா ஒண்ணும் நடக்காது. மைக்ரேன் வரும்போது முகத்துக்கும் தலைக்கும் போற நரம்பு சிஜிஆர்பி-ங்கற பொருளைக் கொட்டும், மூளையைச் சுத்தி இருக்குற ரத்தக்குழாய் விரிஞ்சு துடிக்கும். ட்ரிப்டான் அந்தப் பொருள் கொட்டுறதை நிறுத்தும், விரிஞ்ச குழாயைச் சுருக்கும். இந்தச் சுருக்குற குணத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ பாதி கேள்விக்குப் பதில் அதுலதான் இருக்கு.

எப்ப போடணும்? நான் தாங்குற வரைக்கும் தாங்கிப் பாத்துட்டு முடியலன்னாதான் போடுவேன்.

நானும் பத்து வருஷம் இந்த வீரத்தைத் தான் காட்டிட்டு இருந்தேன். தப்பு. வலி லேசா இருக்கும்போதே போட்டா வேலை செய்யுற வாய்ப்பு அதிகம், முத்தின பிறகு போட்டா பாதி வீண். காரணம் ரொம்ப சிம்பிள், அட்டாக் வந்துட்டா வயிறு வேலை பாக்குறதை மந்தமாக்கிடும், முழுங்குன மாத்திரை குடலுக்குப் போய் ரத்தத்துல சேராம வயித்துலயே உக்காந்திருக்கும், அப்புறம் வாந்தில வெளிய வந்துடும்.

ஆனா கண்ணுக்கு முன்னாடி வளைஞ்சு வளைஞ்சு வெளிச்சம் தெரியுறது, கை மரத்துப் போறதுன்னு வலிக்கு முன்னாடி ஆரா வர்றவங்க, அந்த நேரத்துல ட்ரிப்டான் போடாதீங்க. ஆபத்துன்னு இல்ல, அப்ப போட்டா வலியைத் தடுக்குறது நிச்சயம் இல்ல. ஆரா போய் தலைவலி தொடங்குதுங்கற இடத்துல போடணும்.

"சீக்கிரம் போடு"ன்னா தலை லேசா கனக்கும்போதெல்லாம் போடுன்னு அர்த்தம் இல்ல. உங்க மைக்ரேன் எப்படி ஆரம்பிக்கும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு இடது புருவத்துக்கு மேல ஒரு இடம், அங்க விரல் வெச்சா நாடி மாதிரி துடிக்கும், கூடவே கொட்டாவி வந்துட்டே இருக்கும். அது ரெண்டும் சேர்ந்தா போடுவேன். வெறும் தூக்கம் கெட்ட தலைவலிக்குப் போட மாட்டேன்.

ஒண்ணு போட்டேன், சரியாகல. இன்னொண்ணு போடலாமா?

இதுல ரெண்டு கதை இருக்கு, எல்லாரும் குழப்பிக்கிறாங்க.

ஒண்ணு, முதல் மாத்திரை துளிகூடக் கேக்கல. அப்ப அதே அட்டாக்குக்கு அதே ட்ரிப்டானைத் திரும்பப் போடாதீங்கன்னு தான் பொதுவா சொல்றாங்க. கேக்காதது ரெண்டாவது தடவை மட்டும் கேக்கவா போகுது. அந்த நேரத்துக்கு மாத்து வழி என்னன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சிருக்கணும், நாப்ராக்சன் மாதிரி ஏதாவது ஒண்ணு.

இன்னொண்ணு, நல்லா கேட்டுச்சு, சில மணி நேரம் கழிச்சு வலி திரும்ப வந்துடுச்சு. இது ரொம்ப சகஜம், ஏன்னா சுமட்ரிப்டான் உடம்புல பாதியா குறைய 2 மணி நேரம்தான் ஆகும், அட்டாக் அதை விட நீளம். இப்ப ரெண்டாவது டோஸ் போடலாம், ஆனா முதல் டோஸுக்கும் இதுக்கும் குறைஞ்சது 2 மணி நேரம் இடைவெளி வேணும், நராட்ரிப்டானா இருந்தா 4 மணி நேரம்.

24 மணி நேரத்துக்கு உச்ச வரம்பு ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. பெரியவங்களுக்கு சுமட்ரிப்டான் மாத்திரை 200 மில்லிகிராம், ரிசட்ரிப்டான் 30, ஜோல்மிட்ரிப்டான் 10, நராட்ரிப்டான் 5. சில நாட்டுல இதை விடக் குறைவாவும் வெச்சிருப்பாங்க. உங்க சீட்டுல எழுதினது இதை விடக் கம்மியா இருந்தா அதுதான் உங்க கணக்கு.

ஒரு ராத்திரி 3 மணிக்கு எழுந்து செல்போன் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ஸ்ட்ரிப்பைப் பாக்குறேன், ரெண்டு குழி காலியா இருக்கு. ரெண்டாவது இன்னைக்குப் போட்டதா போன வாரம் போட்டதான்னு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல, வலில மண்டை வேலையே செய்யல. அன்னைக்குப் போடாம விடிய விடியக் கிடந்தேன். அதுலேர்ந்து ஸ்ட்ரிப் கூடவே ஒரு மார்க்கர் பேனா, காலி குழி பக்கத்துல தேதியும் நேரமும். பால் பாயின்ட் பேனா வேண்டாம், ஃபாயில் கிழிஞ்சுடும்.

ஒரு ட்ரிப்டான் கேக்கலன்னா வேற ட்ரிப்டானை மேல போடலாமா?

கூடாது. ஒரு ட்ரிப்டான் போட்டு 24 மணி நேரம் ஆகாம இன்னொரு வகை ட்ரிப்டானைத் தொடவே கூடாது. எர்காட்டமின்னு ஒரு பழைய மைக்ரேன் மருந்து இருக்கு, அது இருக்குற மாத்திரைக்கும் இதே 24 மணி நேரம்தான். ரெண்டும் ரத்தக்குழாயைச் சுருக்குற ஜாதி.

ஆனா அடுத்த அட்டாக்குக்கு வேற ட்ரிப்டான் ட்ரை பண்றது தாராளமா நடக்குறது தான். ரெண்டு மூணு அட்டாக்ல சரியான நேரத்துல போட்டும் கேக்கலன்னா டாக்டர் மாத்தித் தருவாங்க. ஒருத்தருக்கு ஒண்ணு கேக்கலன்னா இன்னொண்ணும் கேக்காதுன்னு இல்ல. எனக்கு மூணாவதா கொடுத்தது தான் ஒத்து வந்துச்சு.

மாத்திரை போட்டதும் வாந்தி வந்துடுச்சு, திரும்பப் போடலாமா?

எவ்வளவு உள்ள போச்சு எவ்வளவு வெளிய போச்சுன்னு யாருக்கும் தெரியாது. முழு மாத்திரையே வெளிய வந்து கண்ணால பாத்தா வேற, இல்லன்னா அந்த டோஸ் உள்ள போனதா வெச்சுக்கிட்டு 2 மணி நேரக் கணக்கைத்தான் பாக்கணும். எப்பவுமே வாந்தியோட வர்ற மைக்ரேன்னா மாத்திரையோட மல்லுக்கட்டாதீங்க, மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேயும் தோலுக்கடியில போடுற ஊசியும் இருக்கு. சுமட்ரிப்டான் ஊசி வழக்கமா 6 மில்லிகிராம், எல்லாத்தையும் விட வேகமா கேக்கும். அதுக்கு இடைவெளி 1 மணி நேரம், 24 மணி நேரத்துல ரெண்டு ஊசிக்கு மேல கூடாது.

வாயில கரையுற மாத்திரை பத்தி ஒரு தப்பான நெனப்பு இருக்கு, நாக்குலேர்ந்து நேரா ரத்தத்துக்குப் போய் சீக்கிரம் கேக்கும்னு. இல்ல. எச்சிலோட கரைஞ்சு வயித்துக்குத்தான் போகுது. தண்ணி தேட வேண்டியதில்ல, குமட்டும்போது முழுங்க வேண்டியதில்ல, அதான் லாபம்.

வாந்திக்குக் கொடுக்குற மெட்டோக்ளோப்ரமைடு, டொம்பெரிடோன் ரெண்டும் வயித்தை நகர வெக்கும், அதனால தலைவலி மாத்திரையும் நல்லா சேரும். ஆனா மெட்டோக்ளோப்ரமைடு தொடர்ந்து 5 நாளைக்கு மேல வேண்டாம்னு 2013-லயே ஐரோப்பிய மருந்து ஆணையம் சொல்லிடுச்சு, குறிப்பா சின்ன வயசுக்காரங்களுக்கு கழுத்து ஒரு பக்கமா இழுக்குறது, கண்ணு மேல சொருகுறது மாதிரி ஆகலாம். பாக்கவே பதறும். அப்படி ஆனா உடனே ஆஸ்பத்திரி, ஊசி போட்டா சரியாகிடும். டொம்பெரிடோன் இதயத் துடிப்பு கோளாறு இருக்குறவங்களுக்கு ஆகாது.

போட்ட அரை மணி நேரத்துல நெஞ்சு இறுக்குற மாதிரி இருந்துச்சு, பயந்துட்டேன். ஹார்ட் அட்டாக்கா?

ட்ரிப்டான் போட்டா நெஞ்சு, கழுத்து, தாடைல ஒரு இறுக்கம், பாரம், உடம்புல சூடு, ஊசி குத்துற மாதிரி உணர்வு, தூக்கம் வர்றது நிறைய பேருக்கு நடக்குறது. பெரும்பாலும் இதயத்தால வர்றது இல்ல, கொஞ்ச நேரத்துல தானா போயிடும். எனக்கு முதல் தடவை தாடை இறுகினப்ப வீட்டையே எழுப்பிட்டேன்.

ஆனா இதை நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க. வலி கடுமையா இருந்தா, கைக்குப் பரவினா, வேர்த்துக் கொட்டினா, மூச்சு வாங்கினா, இறுக்கம் விடாம நின்னா, அவசர சிகிச்சைக்குப் போகணும். லேசா வந்து போனாலும் அடுத்த டோஸுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

யாரெல்லாம் ட்ரிப்டான் போடவே கூடாது?

ரத்தக்குழாயைச் சுருக்கும்னு சொன்னேன்ல. ஏற்கனவே குழாய் அடைப்பு இருக்குறவங்க கதி என்னன்னு யோசிங்க. ஹார்ட் அட்டாக் வந்தவங்க, இதயத்துக்கு ரத்தம் பத்தாம நெஞ்சு வலி வர்ற ஆஞ்சைனா இருக்குறவங்க, பக்கவாதமோ மினி ஸ்ட்ரோக்கோ வந்தவங்க, கால் ரத்தக்குழாய் அடைப்பு இருக்குறவங்க, பிபி கட்டுக்குள்ள இல்லாதவங்க, யாருக்குமே இது கிடையாது. அட்டாக்ல ஒரு பக்கம் கை கால் விழுந்து போற வகை மைக்ரேன் இருக்குறவங்களுக்கும் கிடையாது.

ஷுகர், கொலஸ்ட்ரால், சிகரெட், குடும்பத்துல இள வயசுல இதய நோய்னு ரெண்டு மூணு சேர்ந்திருந்தா முதல்ல இதயத்தைப் பரிசோதிச்சுட்டுத்தான் தரணும். டாக்டர் கேக்கலன்னாலும் நீங்க சொல்லுங்க. "தலைவலிக்கு வந்தவன்கிட்ட எதுக்கு சிகரெட் கதை"ன்னு மறைச்ச ஒருத்தரை எனக்கே தெரியும்.

மாசத்துக்கு எத்தனை நாள் போடலாம்?

எல்லாரும் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இது, ஆனா யாரும் கேட்குறதில்ல.

தலைவலி மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். அதிகமா மருந்து எடுத்து வர்ற தலைவலின்னே தனியா ஒரு நோய் இருக்கு. கணக்கு இப்படி: ட்ரிப்டான், எர்காட்டமின், ஓபியாய்டு (மார்ஃபின் ஜாதி வலி மருந்து), காஃபினோட கலந்த கூட்டு மாத்திரை, இதெல்லாம் மாசத்துல 10 நாள் இல்ல அதுக்கு மேல, பாராசிட்டமால், இபுப்ரோஃபென் மாதிரி தனி மாத்திரைன்னா 15 நாள் இல்ல அதுக்கு மேல, இப்படி 3 மாசத்துக்கு மேல ஓடினா இந்த வலைல விழலாம். எண்ண வேண்டியது நாளை, மாத்திரையை இல்ல. ஒரே நாள்ல ரெண்டு போட்டாலும் ஒரு நாள்தான், ஆனா வாரத்துக்கு மூணு நாள் ஒவ்வொண்ணு போட்டாலே மாசத்துக்கு 12, எல்லை தாண்டியாச்சு. அதனாலதான் வாரத்துக்கு 2 நாளோட நிறுத்திக்கோங்கன்னு சொல்றாங்க.

நான் விழுந்தேன். ஒரு வருஷம் வேலை டென்ஷன்னு நெனச்சு தினமும் காலைல எழும்போதே மந்தமான வலி, மாத்திரை, சாயந்திரம் திரும்ப வலி, திரும்ப மாத்திரை. கேலண்டர்ல சிவப்பு மார்க் போட ஆரம்பிச்ச முதல் மாசம் 17 சிவப்பு இருந்துச்சு, எனக்கே நம்ப முடியல, நான் எட்டு ஒம்போதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். டாக்டர் நிறுத்தச் சொன்னாங்க. முதல் பத்து நாள் வலி முன்னை விட மோசம், ஒரு வாரம் லீவு போட்டேன், அப்புறம் மெதுவா இறங்கி ரெண்டு மாசத்துல பழையபடி மாசம் நாலு அட்டாக்குக்கு வந்துச்சு. ஓபியாய்டு, தூக்க மாத்திரை வகை எதாவது தினமும் எடுத்துட்டு இருந்தா மட்டும் நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க, அதை டாக்டர் தான் படிப்படியா குறைக்கணும்.

அப்ப 10 நாளுக்கு மேல அட்டாக் வர்றவங்க என்னதான் பண்றது?

தடுப்பு மருந்து. ப்ராப்ரானலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட், ஃப்ளூனரிசின், இப்ப சிஜிஆர்பி ஊசியும் வந்திருக்கு. இதெல்லாம் வலி இருந்தாலும் இல்லன்னாலும் டாக்டர் சொன்னபடி தொடர்ந்து எடுக்குறது. வலி வந்தா மட்டும் ப்ராப்ரானலால் போட்டுட்டு "இது கேக்கவே மாட்டேங்குது"ன்னு ஒருத்தங்க என்கிட்ட திட்டினாங்க, அது கேக்காது, அது அதுக்கான மாத்திரையே இல்ல. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும்.

ட்ரிப்டானோட வேற வலி மாத்திரை சேர்த்துப் போடலாமா?

நாப்ராக்சனோட சேர்த்துப் போடலாம், வலி திரும்ப வர்றது குறையும், டாக்டர்களே அப்படி எழுதுறாங்க. ஆனா அல்சர், கிட்னி கோளாறு, ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்குறவங்க, வலி மாத்திரை போட்டா இளைப்பு வர்றவங்க நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக் பக்கமே தானா போகக் கூடாது. ரெண்டு வேற பேர் போட்ட இந்த வகை மாத்திரையைச் சேர்த்துப் போடுறதும் தப்பு, பேர் வேற, ஜாதி ஒண்ணு.

பாராசிட்டமால்ல மறைஞ்சிருக்குற டோஸைப் பாருங்க. சளி மாத்திரை, ஜுர மாத்திரை, கூட்டு வலி மாத்திரைன்னு எல்லாத்துலயும் அது இருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, ஈரல் கோளாறு, குடிப்பழக்கம், ரொம்ப ஒல்லியான உடம்புன்னா அதுவே அதிகம்.

நான் வேற மாத்திரையும் எடுக்குறேன், ஒத்துக்குமா?

எனக்குத் தெரிஞ்ச முக்கியமான மோதல்கள் மட்டும் சொல்றேன். ப்ராப்ரானலால் எடுக்குறவங்களுக்கு ரிசட்ரிப்டான் ரத்தத்துல ஏறிடும், அதனால 10-க்குப் பதிலா 5 மில்லிகிராம்தான், 24 மணி நேரத்துல 15-க்கு மேல கூடாது. எலெட்ரிப்டானும் எர்காட்டமினும் கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக், இட்ராகோனசோல் பூஞ்சை மருந்து, சில எச்ஐவி மருந்துகளோட சேரவே கூடாது. எர்காட்டமின் அளவு ஏறினா கை கால் விரலுக்கு ரத்தம் போகாம கறுத்துடும், பழைய காலத்துல எர்காட்டமின் வர்ற அதே பூஞ்சை பிடிச்ச தானியத்துல ரொட்டி சுட்டுத் தின்ன ஊர் ஊரா மக்களுக்கு இதே தான் நடந்துச்சு. சில கூட்டு மாத்திரைல எர்காட்டமின் சத்தமில்லாம இருக்கும், அட்டையைத் திருப்பிப் படிங்க.

மனச்சோர்வுக்கு எடுக்குற மாத்திரையோட ட்ரிப்டான் சேர்ந்தா செரடோனின் அதிகமாகிடும்னு 2006-ல அமெரிக்காவுல எச்சரிக்கை வந்துச்சு. நடைமுறைல அது ரொம்ப அபூர்வம், நிறைய பேர் ரெண்டையும் எடுக்குறாங்க. அதுக்காக மனசு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அது இதை விடப் பெரிய வம்பு. உடம்பு நடுக்கம், குழப்பம், ஜுரம், வேகமான துடிப்பு, தசை விறைப்பு இது மாதிரி சேர்ந்து வந்தா மட்டும் உடனே போகணும். மனச்சோர்வு மாத்திரைல எம்ஏஓ தடுப்பான்னு ஒரு பழைய வகை இருக்கு, அது எடுத்தா நிறுத்தி 2 வாரம் ஆகாம சுமட்ரிப்டான், ரிசட்ரிப்டான், ஜோல்மிட்ரிப்டான் மூணும் கிடையாது.

கர்ப்பமா இருக்கேன் / பால் கொடுக்குறேன்.

எர்காட்டமின் கூடவே கூடாது, கர்ப்பப்பையைச் சுருக்கும். இபுப்ரோஃபென் வகை 20 வாரத்துக்கு மேல டாக்டர் சொல்லாம வேண்டாம். பாராசிட்டமால் முதல் சாய்ஸ், அதுக்கு மேல வேணும்னா சுமட்ரிப்டான் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க, ட்ரிப்டான்லயே அதிகம் அனுபவம் இருக்குறது அதுலதான். பால்ல ரொம்பக் கொஞ்சம்தான் போகும். தடுப்பு மருந்துல வால்ப்ரோயேட், டோபிராமேட் எடுத்துட்டு இருந்தா குழந்தைக்குத் திட்டமிடும்போதே சொல்லிடணும்.

இதோட சேர்த்து ஒண்ணு. ஆரா வர்ற மைக்ரேன் இருக்குற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்தா பக்கவாத ஆபத்து கூடும். தலைவலிக்கு ஒரு டாக்டர், இதுக்கு ஒரு டாக்டர்னு போறதால ரெண்டு பேருக்கும் விஷயம் தெரியாமலே போயிடுது.

புதுசா வந்த மாத்திரை பத்தி?

ரிமெஜிபன்ட், உப்ரோஜிபன்ட் ரெண்டும் சிஜிஆர்பி ஒட்டுற இடத்தை அடைக்கும், ரத்தக்குழாயைச் சுருக்காது, அதனால ட்ரிப்டான் ஆகாத நிறைய பேருக்கு இது ஒரு வழி. ரிமெஜிபன்ட் 75 மில்லிகிராம், 24 மணி நேரத்துல ஒண்ணே ஒண்ணு. லாஸ்மிடிடானும் குழாயைச் சுருக்காது, ஆனா தலை சுத்தும், போட்டா 8 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, "எனக்கு ஒண்ணும் பண்ணல"ன்னு தோணினாலும் கூடாது. எல்லா நாட்டுலயும் இதெல்லாம் கிடைக்காது.

என் மாத்திரையைத் தங்கச்சிக்குக் கொடுக்கலாமா, அவளுக்கும் இதே வலிதான்.

வேண்டாம். அது மைக்ரேன்தானான்னே தெரியாது. 16 வயசுக்குக் கீழ இருந்தா ஆஸ்பிரினும் கொடுக்காதீங்க.

எந்தத் தலைவலிக்கு மாத்திரையைத் தொடாம நேரா ஆஸ்பத்திரி போகணும்?

இடி விழுந்த மாதிரி ஒரே நிமிஷத்துல உச்சிக்குப் போற வலி. ஜுரமும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி. தலைல அடிபட்ட பிறகு வர்றது. பேச்சு குழறினா, வாய் கோணினா, கை கால் பலம் போனா. ஆரா 1 மணி நேரத்துக்கு மேல போகாம நின்னா. 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்ச தலைவலி. கர்ப்பத்துலயோ பிரசவத்துக்கு அப்புறமோ புதுசா வர்ற கடும் வலி. வழக்கமான அட்டாக்கே 72 மணி நேரம் தாண்டினாலும் போகணும், அதுக்குத் தனி சிகிச்சை இருக்கு.

போகும்போது ஸ்ட்ரிப்பைக் கையோட எடுத்துட்டுப் போங்க. என்ன போட்டேன், எத்தனை மணிக்குப் போட்டேன்னு அந்த வலில வாயைத் திறந்து சொல்ல முடியாது, மார்க்கர்ல எழுதினதைக் காட்டினா போதும்.